தரை ஆர்க்கிட்களும் சாலப் கிழங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிதவெப்ப நாடுகளின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் மண்ணில் வளரும் ஆர்க்கிட்களைப் பற்றியோ, அவற்றின் கிழங்கைக் காயவைத்து அரைக்கும் சாலப் மாவைப் பற்றியோ பேச்செடுத்தால் அதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைக் கீழே கொடுத்திருக்கிறோம். முதல் மூன்று பதில்களைப் படித்துவிட்டுப் போனால் மற்றவை எளிதாகப் புரியும்.

ஆர்க்கிட்னா மரத்துல தொத்திக்கிட்டு வளர்றதுதானே? தரையிலயும் வளருமா?

வெப்ப மண்டலக் காடுகளில்தான் பெரும்பாலான ஆர்க்கிட்கள் மரத்தில் தொற்றி வளர்கின்றன. பனியும் உறைகுளிரும் உள்ள இடங்களில் மரக்கிளையில் வேர்களைக் காற்றில் நீட்டிக்கொண்டு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. அதனால் ஐரோப்பா, துருக்கி, இமயமலை, சீனா, ஜப்பான், வட அமெரிக்கா, ஆஸ்திரேலியாவின் தென்பகுதி ஆகிய இடங்களில் உள்ளவை பெரும்பாலும் தரை ஆர்க்கிட்களே. வருடத்தில் சில மாதம் இலையும் பூவுமாக இருந்துவிட்டு, மீதி மாதங்களை மண்ணுக்கடியில் கிழங்காகவோ தண்டுக்கிழங்காகவோ கழிக்கும். மனிதர்கள் தோண்டியெடுத்து உணவாகவும் மருந்தாகவும் பயன்படுத்தியது இந்தச் சேமிப்பைத்தான்.

தோண்டிப் பார்த்தா எப்பவும் ரெண்டு கிழங்கு ஒட்டிக்கிட்டு இருக்கே, ஏன்?

ஆர்க்கிஸ், ஓஃப்ரிஸ், அனகாம்ப்டிஸ், செராபியாஸ் போன்ற பேரினங்களில் இதுதான் வழக்கம். இரண்டும் ஒரே வயதல்ல. ஒன்று போன வருடத்துக் கிழங்கு: பழுப்பேறி, தோல் சுருங்கி, விரலால் அழுத்தினால் பொசுக்கென்று உள்ளே போகும். இந்த வருடத்து இலைக்கும் பூவுக்கும் தன்னிடமிருந்ததைக் கொடுத்துக் காலியாகிக்கொண்டிருப்பது அது. பக்கத்தில் வெள்ளையாக, கெட்டியாக, தண்ணீரில் போட்டால் மூழ்கும் கிழங்கு அடுத்த வருடத்துக்கானது. விதை முற்றும்போது பழையது அழுகிப்போகும், புதியது மட்டும் மண்ணில் தங்கும்.

டாக்டிலோரைசா பேரினத்தில் கிழங்கு உருண்டையாக இருக்காது, விரல்கள் விரித்த கைபோல 2 முதல் 5 பிரிவாக இருக்கும். ஆனால் அங்கும் பழையது ஒன்று, புதியது ஒன்று என்ற கணக்கு மாறாது.

அப்போ ஒண்ணை எடுத்துக்கிட்டு இன்னொண்ணை மண்ணிலேயே விட்டுட்டா செடி பிழைச்சிடும்தானே?

சேகரிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம் இது. அவர்கள் எடுப்பது கெட்டியான புதுக் கிழங்கை, விட்டுவிட்டுப் போவது காலியான பழையதை. அடுத்த வசந்தத்தில் முளைக்க வேண்டியது எடுத்துச் சென்ற கிழங்கிலிருந்துதான். ஆக, மண்ணில் ஒரு கிழங்கு இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் செடி இருக்காது.

தோண்டும் நேரமும் இதை மோசமாக்குகிறது. பூ இருந்தால்தான் புல்லுக்குள் செடி கண்ணில் படும். எனவே பூக்கும் பருவத்தில்தான் தோண்டுகிறார்கள். அப்போது விதை முற்றியிருக்காது. ஒரே கடப்பாரைக் குத்தில் அடுத்த வருடத்துச் செடியும் போகிறது, அடுத்த தலைமுறை விதையும் போகிறது.

சாலப், சாலாமிசிரி, சாலம் பஞ்சா எல்லாம் ஒண்ணுதானா?

குடும்பம் ஒன்று, சரக்கு வேறு. துருக்கி, கிரீஸ், ஈரான் பக்கம் சாலப் என்றால் காய்ந்த ஆர்க்கிட் கிழங்கு, அதன் மாவு, அந்த மாவில் காய்ச்சிய பானம் மூன்றுக்கும் அதே பெயர். சாலாமிசிரி என்று மருந்துச் சரக்காக வருவது உருண்டைக் கிழங்கு வகை. சாலம் பஞ்சா என்பது கைவடிவக் கிழங்கு, இமயமலையின் டாக்டிலோரைசா ஹாட்டாகிரியா. நேபாளத்தில் அதற்குப் பாஞ்சௌலே என்று பெயர்.

மருந்துச் சரக்கில் கலப்படமும் மாற்றுச் சரக்கும் நீண்டகாலப் பழக்கம். யூலோஃபியா என்ற வேறு ஆர்க்கிட்டின் கிழங்கு, தண்ணீர்விட்டான் வகைக் கிழங்கு, ஆர்க்கிட் குடும்பத்தையே சேராத ஒரு காட்டு வெங்காயத்தின் குமிழ் எல்லாம் இந்தப் பெயரில் விற்கப்பட்டிருக்கின்றன. பெயரை மட்டும் பார்த்து என்ன செடி என்று முடிவுசெய்ய வேண்டாம்.

கிழங்கைச் சாலப் மாவாக எப்படி ஆக்குறாங்க?

புதுக் கிழங்கைக் கழுவி மண்ணும் மெல்லிய தோலும் போகத் தேய்ப்பார்கள். பிறகு தண்ணீரிலோ பாலிலோ மோரிலோ கொதிக்க விடுவார்கள். இந்த வேகவைப்புதான் முக்கியமான படி. கிழங்கின் உயிர் போய் முளைவிடுவது நிற்கும், கசப்பும் பச்சை வாடையும் குறையும், உள்ளே பால் வெள்ளையாக இருந்தது கொம்புபோல அரைத்தெளிவாக மாறும். அதன்பின் ஊசியால் நூலில் கோத்து மாலையாகக் காற்றில் தொங்கவிடுவார்கள். வேகாத கிழங்கை அப்படியே காயவைத்தால் நடுவில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும், அல்லது பையிலேயே முளைக்கும்.

காய்ந்த கிழங்கு கல்போல இருக்கும், சாதாரண மிக்ஸியில் அரைபடாது. ஒரு கிலோ காய்ந்த சரக்குக்கு 1,000 முதல் 4,000 கிழங்கு வரை வேண்டும். ஒரு கோப்பை பானத்துக்குச் சுமார் 3 கிராம் மாவு என்றால், அது 3 முதல் 12 செடிகள்.

பாலில் போட்டதும் கட்டி கட்டியா ஆயிடுது. என்ன தப்பு?

மாவைச் சூடான பாலில் நேராகக் கொட்டியிருப்பீர்கள். சாலப்பின் வேலையைச் செய்வது குளுக்கோமன்னான் என்ற நார்ச்சத்து. ஈரம் பட்ட நொடியில் துகளின் வெளிப்புறம் வீங்கிப் பசையாகி, உள்ளே தண்ணீர் போகவிடாமல் அடைத்துவிடும். அப்படி உருவான கட்டியை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் கரைக்க முடியாது.

250 மி.லி. பாலுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி மாவு போதும். அதை 2 அல்லது 3 தேக்கரண்டி சர்க்கரையோடு உலர்வாகவே நன்றாகக் கலந்துகொள்ளுங்கள், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரை பிரித்து வைக்கும். குளிர்ந்த பாலில் தூவிக் கலக்கி, பிறகு சிறுதீயில் ஏற்றி, 10 முதல் 15 நிமிடம் கை எடுக்காமல் கிளறுங்கள். கரண்டியின் பின்புறம் படிந்து நின்றால் இறக்கிவிடலாம், ஆறும்போது இன்னும் கெட்டியாகும். மேலே லவங்கப்பட்டைத் தூள் தூவுவது துருக்கி வழக்கம்.

பாக்கெட்டில் சாலப்னு போட்டு விக்கிறது அசல்தானா? வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

உடனடிப் பானப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் சர்க்கரை, சோள மாவு, பால்பொடி, வாசனைப் பொருள்தான். பின்புறப் பட்டியலில் சாலப் இருந்தால்கூடக் கடைசியில் ஒரு துளியாக இருக்கும். இதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, செடிகளுக்கு நல்லது.

அயோடின் சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. சோள மாவு கருநீலமாகும், உண்மைதான். ஆனால் அசல் கிழங்கிலும் மாவுச்சத்து இருப்பதால் அதுவும் நீலம் காட்டும், எனவே இது பயனில்லாத சோதனை. அரை கிராம் மாவை 50 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் கலக்கி ஒரு மணி நேரம் வைப்பது கொஞ்சம் மேல். சோள மாவு அடியில் வெள்ளையாகப் படிந்து மேலே தெளிநீர் நிற்கும், சாலப் தண்ணீர் முழுவதையும் கெட்டியாக்கும். கொத்தவரை விதைப் பசை கலந்திருந்தால் அதுவும் கெட்டியாகும் என்பதால் இந்தச் சோதனை மாவுக் கலப்படத்தை மட்டுமே பிடிக்கும்.

துருக்கியில கம்பியால இழுத்தாலும் அறாத ஐஸ்கிரீம் இருக்கே, அதுலயும் இதுதானா?

ஆம். கஹ்ராமான்மராஷ் நகரத்துப் பாணி. பால், சர்க்கரை, சுமார் ஒரு சதவீதம் சாலப், கொஞ்சம் மஸ்திகைப் பிசின். இரும்புக் கம்பியால் அடித்து அடித்துப் பிசைவதால்தான் அந்த இழுவை வருகிறது, மாவை மட்டும் கூட்டினால் வராது. சாலப் கெட்டியான வலை கட்டி வைப்பதால் உருகுவதும் தாமதமாகும். இந்த இழுவைதான் துருக்கியில் கிழங்குத் தேவையை உயர்த்தி வைத்திருக்கும் பெரிய காரணம். கிழங்கு ஏற்றுமதிக்கு அங்கே தடை உண்டு, உள்நாட்டுப் பயன்பாடு தொடர்கிறது.

ஆண்மைக்கு நல்லதுன்னு காலங்காலமா சொல்றாங்களே, ஒண்ணுமே இல்லாமலா சொல்லியிருப்பாங்க?

சொன்னதற்குக் காரணம் உருவம். இரட்டைக் கிழங்கு விதைப்பையை நினைவூட்டியது, அந்த உறுப்புக்கு அது மருந்து என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ், பெரிய கிழங்கை ஆண்கள் தின்றால் ஆண் குழந்தை, சிறியதைப் பெண்கள் தின்றால் பெண் குழந்தை என்ற நம்பிக்கையை எழுதிவைத்திருக்கிறார். கெட்டியான கிழங்கு இச்சையைத் தூண்டும், சுருங்கியது அடக்கும் என்றும் அதே பதிவில் வருகிறது. மேலே சொன்ன புதுசு, பழசு வித்தியாசத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள், விளக்கத்தில்தான் தடம் மாறிவிட்டார்கள்.

மனிதர்களிடம் நடத்திய நம்பகமான சோதனை எதுவும் இந்தப் பலனை நிறுவியதில்லை. சாலப்பை வழக்கமாகப் பாலும் சர்க்கரையும் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள், தெம்பு வந்ததாகத் தோன்றினால் அவற்றின் பங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வயிற்றுப்போக்கின்போது குடலுக்கு இதமான கஞ்சியாகக் கொடுத்த பழக்கம் மட்டும் அதன் பசைத்தன்மையோடு பொருந்திப் போகிறது.

ஒரு அவுன்ஸ் சாலப் இருந்தா ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடுன்னு படிச்சேன். நிஜமா?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கப்பல் பயணங்களுக்காகச் சொல்லப்பட்ட கணக்கு அது. ஒரு அவுன்ஸ் சாலப், ஒரு அவுன்ஸ் உலர்ந்த இறைச்சிச் சாறு, இரண்டு குவார்ட் கொதிநீர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 28 கிராம் சாலப் அதிகபட்சம் 100 கலோரிக்குப் பக்கத்தில் வரும், அதிலும் குளுக்கோமன்னான் முழுதாகச் செரிப்பதில்லை. இரண்டு லிட்டர் கெட்டிக் கூழ் வயிற்றை அடைத்திருக்கும், பசி தெரிந்திருக்காது. உழைக்கும் மாலுமிக்கு அது சாப்பாடு ஆகாது.

அதே காலத்தில் லண்டன் தெருக்களில் சாலூப் என்ற பெயரில் விடியற்காலைத் தொழிலாளர்களுக்கு இதைச் சூடாக விற்றார்கள். பிற்பாடு அந்தப் பெயரில் விற்றது சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டைக் கஷாயம், ஆர்க்கிட் அல்ல. பழைய ஆங்கிலக் குறிப்புகளைப் படிக்கும்போது எந்தக் காலத்துச் சாலூப் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயுர்வேதத்துல அஷ்டவர்க்கம்னு சொல்றாங்களே, அதுல ஆர்க்கிட் இருக்கா?

அஷ்டவர்க்கம் என்பது எட்டு மூலிகைகளின் தொகுப்பு, அந்த எட்டில் நான்கு ஆர்க்கிட். இன்று பொதுவாக ஏற்கப்படும் அடையாளம் இது: ஜீவகம் என்பது கிரெபிடியம் அக்யூமினேட்டம், ரிஷபகம் என்பது மலாக்சிஸ் மசிஃபெரா, ரித்தி என்பது ஹபனாரியா இன்டர்மீடியா, விருத்தி என்பது பிளாட்டாந்தெரா எட்ஜ்வொர்த்தி. எல்லாம் இமயமலைச் சரிவுகளில் வளர்பவை. சியவனப்பிராசத்தின் பழைய செய்முறையில் இந்த வர்க்கம் சேரும்.

இவை கிடைப்பதில்லை என்பது இன்று வந்த குறை அல்ல. 16ஆம் நூற்றாண்டின் ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசமே மாற்று சொல்லிவிட்டது: ஜீவக ரிஷபகங்களுக்கு விதாரி, ரித்தி விருத்திக்கு வாராஹி, எட்டில் மீதி நான்கான மேதா, காகோலி வகைகளில் மேதாவுக்குத் தண்ணீர்விட்டான், காகோலிக்கு அமுக்கரா. சாஸ்திரமே அனுமதித்த மாற்று இருக்கும்போது காட்டுக் கிழங்குதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் நியாயம் இல்லை.

சீனாவுல தியன்மான்னு ஒண்ணு பண்ணையிலேயே விளையுதாமே? இலையே இல்லாத செடியாமே?

ஆம், தியன்மா என்பது கேஸ்ட்ரோடியா இலாட்டா என்ற ஆர்க்கிட். பச்சையம் கிடையாது, இலை கிடையாது, வளர்ந்த கிழங்குக்கு வேரும் கிடையாது. ஆர்மில்லேரியா என்ற மரம் தின்னும் பூஞ்சையிடமிருந்துதான் முழு உணவும். தலைசுற்றல், தலைவலிக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வந்த மருந்து. காட்டுச் சரக்கு தீர்ந்துபோனதால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சாகுபடியைக் கற்றுக்கொண்டார்கள்.

ஓக் போன்ற கடினமரத் துண்டுகளில் முதலில் பூஞ்சையை ஏற்றுவார்கள். குழியில் துண்டுகளை அடுக்கி, கருப்பு நூல்போல ஓடும் பூஞ்சை இழைகளைத் தொடும்படி சின்ன விதைக் கிழங்குகளை வைத்து, 10 செ.மீ. அளவுக்கு மண்ணும் சருகும் மூடுவார்கள். குளிர்காலத்தில் நட்டால் அடுத்த குளிர்காலத்தில் எடுக்கலாம். கோடைச் சூடு 30 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும், தண்ணீர் தேங்கினால் அழுகும். இன்னொரு தொல்லை, கிழங்கு நலிந்தால் கணக்கு தலைகீழாகி, பூஞ்சையே கிழங்கைத் தின்றுவிடும். விதையிலிருந்து தொடங்கினால் முளைக்க மைசீனா என்ற வேறொரு பூஞ்சையும் வேண்டும்.

எடுத்த கிழங்கை நடுவில் வெள்ளைக் கரு தெரியாத அளவுக்கு ஆவியில் வேகவைத்த பிறகே காயவைக்க வேண்டும். இல்லையென்றால் கிழங்கின் நொதிகள் கேஸ்ட்ரோடின் என்ற முக்கியச் சத்தைச் சிதைத்துவிடும்.

மற்ற நாடுகள்ல என்ன பழக்கம்?

வட அமெரிக்காவில் சிப்ரிப்பீடியம் என்ற செருப்புவடிவப் பூ ஆர்க்கிட்டின் வேரைப் பழங்குடிகள் நரம்புத் தளர்ச்சிக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலும் ஏறியது, அதோடு காடுகளில் குறையவும் தொடங்கியது. அதன் இலை, தண்டு ரோமங்கள் பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் வரும். சீனாவிலும் ஜப்பானிலும் பிளெட்டில்லா ஸ்ட்ரியாட்டா கிழங்குத் தூளை இரத்தக் கசிவை நிறுத்தப் போட்டார்கள், அதன் பசையை ஒட்டுப்பொருளாகவும் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளும் நியூசிலாந்தின் மாவோரி மக்களும் தங்கள் நிலத்துக் கேஸ்ட்ரோடியா கிழங்குகளை உணவாகவே உண்டார்கள்.

ஒரு காய்க்குள்ள ஆயிரக்கணக்கில விதை இருக்குமே, விதைச்சு வளர்த்தா என்ன?

டார்வின் ஒரு புள்ளி ஆர்க்கிட்டில் எண்ணிப் பார்த்தார்: ஒரு காயில் சுமார் 6,200 விதை, 30 காய், ஆக சுமார் 1,86,000. அத்தனையும் பிழைத்தால் அதன் கொள்ளுப்பேரன் தலைமுறை உலக நிலப்பரப்பையே மூடிவிடும் என்றும் கணக்குப் போட்டார். ஏன் மூடவில்லை என்றால், அந்த விதைகள் வெறும் தூசி. நெல்லிலோ பயறிலோ இருப்பதுபோல முளைக்குத் தேவையான உணவு உள்ளே கிடையாது. மண்ணில் பொருத்தமான பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளை எழும். இதை 1899இல் கண்டுபிடித்தவர் பிரான்சின் நோயல் பெர்னார்.

1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் சர்க்கரையும் உப்புச்சத்தும் சேர்த்த அகார் கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்கவைத்தார். வெப்ப மண்டல ஆர்க்கிட் வணிகம் அதன்மேல்தான் நிற்கிறது. தரை ஆர்க்கிட்கள் அவ்வளவு இணங்குவதில்லை. முற்றிய விதையின் தோல் தண்ணீரை விடாது, பலவற்றுக்கு இருட்டும் சில மாதக் குளிரும் வேண்டும். டாக்டிலோரைசா பூக்க 3 முதல் 5 வருடம், சிப்ரிப்பீடியம் பத்து வருடத்தைக்கூடத் தாண்டும்.

காட்டுல ஒரு செடி பூத்திருந்தது. வேரோட மண்ணையும் சேர்த்து எடுத்துத் தொட்டியில வச்சா வளராதா?

பெரும்பாலும் வளராது. முதல் வருடம் நிற்கும், அது பழைய கிழங்கின் கையிருப்பு. அதைப் பார்த்து வேர்பிடித்துவிட்டது என்று நம்பிவிடுவார்கள். இரண்டாம் வருடம் சின்ன இலை, மூன்றாம் வருடம் ஒன்றுமில்லை. உரம் போட்ட தொட்டி மண்ணில் பூஞ்சையும் அடங்கிப்போகும்.

பிரிட்டனில் மஞ்சள் சிப்ரிப்பீடியத்தை இப்படியே தோண்டித் தோண்டி 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அழிந்தது என்று எழுதிவிட்டார்கள். 1930இல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது, பல வருடம் அந்த இடத்தை ரகசியமாகக் காத்தார்கள். வளர்க்க ஆசை என்றால் பிளெட்டில்லாவில் தொடங்குங்கள். நர்சரியில் கிடைக்கும், தண்டுக்கிழங்கைப் பிரித்து நட்டாலே பெருகும்.

பயணம் போகும்போது ஒரு சின்னப் பொட்டலம் சாலப் மாவு கொண்டு வந்தா யாரு கேக்கப்போறா?

சுங்கத்தில் கேட்பார்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது, சில முதல் பட்டியலில், மற்ற அனைத்தும் இரண்டாவதில். உயிருள்ள செடி மட்டுமல்ல, காய்ந்த கிழங்கும் மாவும் இதில் அடங்கும். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான். நேபாளத்தில் பாஞ்சௌலேயைச் சேகரிப்பதும் விற்பதுமே தடை. சோள மாவுப் பாக்கெட் என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் மேலே சாலப் என்று அச்சடித்திருந்தால் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

கிழங்கு இல்லாம அதே பதம் வரவைக்க முடியுமா?

கொன்ஜாக் மாவு இருந்தால் ஏறக்குறைய வரும். கருணைக்கிழங்கின் உறவான செடியிலிருந்து எடுப்பது, அதிலும் குளுக்கோமன்னான்தான். வீரியம் சாலப்பைவிடக் கூடுதல், எனவே 250 மி.லி. பாலுக்கு ஒரு கிராமுக்குக் குறைவாகவே போடுங்கள், கூடவே ஒரு தேக்கரண்டி சோள மாவு சேர்த்தால் வழவழப்பு சாலப்போடு ஒத்துப்போகும். கலக்கும் முறை மேலே சொன்னதுதான். பலர் செய்யும் தவறு, முதல் ஐந்து நிமிடத்தில் நீர்த்திருக்கிறதே என்று இன்னும் அள்ளிப் போடுவது. கொன்ஜாக் மெதுவாக ஊறும், கால் மணி நேரம் கழித்து மொத்தமும் ஜெல்லியாக நிற்கும்.

எந்தக் குளுக்கோமன்னானையும் உலர்ந்த பொடியாக வாயில் போடாதீர்கள். தொண்டையில் வீங்கி அடைக்கும். மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக மாத்திரையைப் போட்டுக்கொள்வது நல்லது, கூழ் உறிஞ்சலைத் தாமதப்படுத்தும்.

தோட்டக்காரங்க புதுக் கிழங்கைப் பிரிச்சு நட்டுச் செடியைப் பெருக்குறாங்களே! அப்போ நீங்க மூணாவது பதில்ல சொன்னது தப்பா?

நல்ல கேள்வி. அப்படி ஒரு முறை உண்டு. புதுக் கிழங்கு ஓரளவு திரண்டதும், இலை நல்ல பச்சையாக இருக்கும்போதே, வேர் அறாமல் மண்ணை விலக்கி அதை மட்டும் கிள்ளியெடுத்துத் தனியாக நடுவார்கள். பழைய கிழங்கோடு இருக்கும் தாய்ச்செடிக்குப் பருவம் முடிய இன்னும் சில வாரம் மிச்சமிருப்பதால் இன்னொரு சிறு கிழங்கை வைக்கும். ஒன்று இரண்டாகும்.

இது நடக்க மூன்று நிபந்தனை: சீக்கிரம் பிரிக்க வேண்டும், தாய்ச்செடியின் வேரும் இலையும் சிதையக்கூடாது, எடுத்த கிழங்கைத் திரும்ப மண்ணில் வைக்க வேண்டும். சாலப் தோண்டுபவர் மூன்றையும் செய்வதில்லை. முழுச் செடியையும் பிடுங்கி, பூத்தண்டை அங்கேயே வீசிவிட்டு, கிழங்கைக் கொதிநீரில் போடுகிறார். தோட்டத்தில் விளைந்த சாலப் என்று யாராவது விற்றால் கேட்க வேண்டியதும் இதுதான்: எந்த இனம், விதையா பிரிப்பா, நட்டு எத்தனை வருடம். கிழங்கு காட்டிலிருந்து வந்து ஒரு பருவம் மட்டும் தோட்டத்தில் இருந்திருந்தால், அதுவும் காட்டுச் சரக்கேதான்.